மீசை வைத்த ஆயா

எனக்குக் கல்வித் துறையில் ஒரு பட்டம் இருக்கிறது. ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் எங்கள் வீட்டுக் கூடத்தில், திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கொஞ்சம் கீழே, தொலைக்காட்சிக்கு நேர் மேலே அது தொங்குகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் என் அப்பா சவரிநாதன் அதற்கு எதிரில் இருக்கிற நாற்காலியில்தான் உட்காரச் சொல்வார். பக்கத்திலேயே அங்கி போட்டுக்கொண்டு நான் சிரிக்கிற படமும் உண்டு. அந்தச் சிரிப்பில் இருக்கிற தைரியம் அதற்குப் பிறகு எனக்கு எங்கேயும் வந்ததில்லை.

அப்பா பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் எண்ணெய் எடுக்கிற செம்பனைக்கு மாறி, பிறகு வீடு கட்டுகிற கம்பெனிக்குக் கைமாறியதும் ஈப்போவுக்கு வந்து லோரி ஓட்டினார். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் சான்றிதழ் கைக்கு வந்த அன்றே என்னை ‘வாத்தியார்’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். வேலை கிடைத்ததா இல்லையா என்பதெல்லாம் அவருக்குச் சின்ன விஷயம்.

கிடைக்கவில்லை. நிரந்தர வேலைக்கு நேர்முகத் தேர்வு வரும், காத்திருங்கள் என்றார்கள். காத்திருந்த நேரத்தில் பீடோர் பக்கமே ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளியில், பிரசவ விடுப்பில் போன ஆசிரியைக்குப் பதிலாகச் சில மாதம் பாடம் நடத்தப் போனேன். சுற்றிலும் செம்பனை. வகுப்பில் பதினைந்து பிள்ளைகள்கூட இல்லை. ‘இவ்வளவுதானா’ என்று முதல் நாள் நினைத்தேன். ஒரே வாரத்தில் ‘இவ்வளவு பேரா’ என்று ஆகிவிட்டது.

என் பாடத்திட்டங்கள் அழகானவை. வண்ண அட்டை, பாட்டு, குழு நடவடிக்கை எல்லாம் இருக்கும். கேட்பதற்குப் பிள்ளைகள்தான் இருக்க மாட்டார்கள். ஒருவன் மேசைக்கு அடியில் இருப்பான். கழிப்பறைக்குப் போன ஒருத்தி திரும்பியிருக்க மாட்டாள். அவளைத் தேடப் போன இருவரையும் காணாது. கத்திக் கத்தி என் தொண்டை போய்விட்டது. கத்தாமல் கைதட்டி வகுப்பை அமைதிப்படுத்தலாம் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தட்டினேன். பிள்ளைகளும் தட்டினார்கள். நன்றாக இருக்கிறதே என்று பக்கத்து வகுப்பிலும் தட்டினார்கள். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து, “என்ன சார், யாருக்காச்சும் பிறந்தநாளா?” என்று கேட்டார்.

முன் வரிசையில் இருந்த ஒரு சிறுமி தினமும் காலையில் மரியாதையாக எழுந்து நிற்பாள்.

“சார், எங்க டீச்சரோட பேபி இன்னும் பெருசாகலயா?”

“இன்னும் இல்லம்மா.”

வகுப்பு முழுவதும் பெருமூச்சு விடும். அந்தக் குழந்தை சீக்கிரம் வளர வேண்டுமென்று அத்தனை பேரும் வேண்டிக்கொண்டார்கள். நானும்தான். கடைசியில் ஆசிரியை திரும்பி வந்த அன்று நான் அலுவலகத்தில் சாவியை ஒப்படைத்துக்கொண்டிருந்தேன். வகுப்பிலிருந்து எழுந்த ஆரவாரத்தில் கூரைமேல் இருந்த புறாக்கள் பறந்துபோயின.

அதற்குப் பிறகு வீட்டில் இருப்பது கஷ்டமாகிவிட்டது. வருகிற விருந்தாளிகள் சுவரில் இருக்கிற என்னையும், கீழே கைலியோடு நிற்கிற என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அதனால் என் பள்ளித் தோழன் விக்னேஸ்வரனின் மோட்டார் பட்டறையில் போய் உட்கார்ந்துகொள்வேன். ஒருநாள் அவன் ஒரு பெரிய பைக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

“மச்சான், இது ஒரு பல் டாக்டரோட பைக்கு. அவங்க வீட்டுல ஒரு பையனுக்கு ஆள் வேணுமாம் லா. ரொம்ப அவசரமாம். நீதான் வாத்தியாராச்சே, போய்ப் பாரு.”

“பையன் எத்தனாவது படிக்கிறான்?”

“அதெல்லாம் கேக்கல லா. பையன்னா பையன்தானே.”

மறுநாள் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு, மூன்றாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரைக்கும் பயிற்சிப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு கேனிங் கார்டனில் அந்த வீட்டு வாசலில் போய் நின்றேன். எந்த ஆண்டாக இருந்தாலும் சமாளிக்கலாம் என்பது என் திட்டம். கதவைத் திறந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எங்களுக்கு வேக்குவம் கிளீனர் எதுவும் வேண்டாம் தம்பி” என்றார்.

அவர்தான் மாதுமை. பல் டாக்டர் சுபேசனின் மனைவி. அவரும் டாக்டர்தான், பெரிய ஆஸ்பத்திரியில் அறுவைக்கு மயக்க மருந்து கொடுப்பவர். நான் விற்க வரவில்லை, பாடம் சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறேன் என்று விளக்கினேன்.

“யாருக்குப் பாடம்?”

“உங்க மகனுக்கு, டாக்டர்.”

அவர் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து என் மாணவன் வந்தான். இரண்டு வயது தாண்டியிருக்கும். உடம்பில் ஒரு காலுறை மட்டும்தான் இருந்தது. என்னையும் தன் தாயையும் தாண்டி, திறந்திருந்த வாசல் கதவை நோக்கி ஓடினான். புத்தகங்களைக் கீழே போட்டுவிட்டு அவனைத் தூக்கினேன். கத்துவான் என்று நினைத்தேன். அவன் என் கழுத்துப்பட்டையை நிதானமாக எடுத்து வாயில் வைத்துச் சப்ப ஆரம்பித்தான்.

“விடாதையும்! பொடியனைப் பிடிச்சபடி நில்லும்!” என்று கூடத்திலிருந்து ஒரு குரல் வந்தது. சுபேசனின் அப்பா இளையதம்பி. அரசாங்கத்தில் பெரிய குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் அறுவை செய்துகொண்டு, முன்னால் ஒரு முக்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

அவர்கள் தேடியது பிள்ளை பார்க்க ஆள். வந்த ஆயாக்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றுவிட்டார்கள். கடைசி ஆயா சிங்கப்பூருக்குப் போய்விட்டார். மாதுமைக்கு அன்று மதியம் வேலை. ஓர் ஆண்பிள்ளையிடம் குழந்தையை விடுவதா என்று அவருக்கு ஆயிரம் யோசனை. என் முன்னாலேயே விக்னேஸ்வரனுக்குப் போன் போட்டு விசாரித்தார். எங்கள் கோயில் பாதிரியாருக்கும் போட்டார். கூடத்து மூலையில் கேமரா இருப்பதை எனக்குக் காட்டினார்.

“இந்தக் கிழமை மட்டும் பாக்கட்டும் பிள்ளை” என்றார் இளையதம்பி மருமகளிடம். “பொடியன் அழாமல் இருக்கிறானெல்லோ.”

அவர் சொன்ன அந்த ஒரு வாரம் முடியவேயில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் போனது.

பையன் பெயர் ஆரூரன். வீட்டில் ஆரு. நான் பட்டதாரி என்பதை அவனுக்கு உணர்த்த முதல் வாரத்திலேயே முயன்றேன். தினமும் பாடத்திட்டம் எழுதினேன். ‘பாட இறுதியில் மாணவர் வாழைப்பழத்தைச் சுயமாக உரிப்பார்.’ பாட இறுதியில் மாணவர் வாழைப்பழத்தை என் சட்டைப் பையில் வைத்து அழுத்தினார். விலங்குகளின் பட அட்டைகளைக் காட்டினேன். யானையைத் தின்றுவிட்டார். ‘மாணவர் கழிப்பதற்கு முன் அறிவிப்பார்’ என்ற திட்டம் மட்டும் பாதி வெற்றி. அறிவித்தார், முடித்த பிறகு.

பெரிய சிக்கல் வேறு. அவனைப் பொறுத்தவரை ஆயா என்பது ஒருவர் பெயரல்ல, பதவி. இடுப்பில் கட்டுகிற பம்பர்ஸை மாற்றுகிறவர் யாரோ அவர் ஆயா.

“சார் சொல்லு ஆரு. சா...ர்.”

“ஆ...யா.”

மீசை வைத்தால் மாறுவான் என்று நினைத்தேன். அதற்கு முன் எனக்கு மீசை கிடையாது. கஷ்டப்பட்டு வளர்த்த மீசையை ஆர்வமாக இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் ஆயா என்றான். சந்தையிலும் பூங்காவிலும் லிப்டிலும் அவன் “ஆயா!” என்று கூவும்போது ஜனங்கள் சேலை கட்டிய யாரையோ தேடுவார்கள். கடைசியில் நான் “வாரேன் வாரேன்” என்று ஓடுவேன். பழக்கடைச் சீனத்து அக்கா மட்டும் அதைத் தவறாகவே எடுத்துக்கொண்டார். பையன் ஏதோ வருத்தத்தில் ‘ஐயாயா’ என்று புலம்புகிறான் என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் அவன் கையில் ஓர் ஆரஞ்சைக் கொடுப்பார். ஆரு கெட்டிக்காரன். அந்தக் கடை வந்தாலே ஆயா ஆயா என்று ஆரம்பித்துவிடுவான்.

வீட்டில் நான் உண்மையைச் சொல்லவில்லை. டாக்டர் வீட்டில் டியூஷன் என்று சொல்லியிருந்தேன். அப்பா அதைப் புந்தோங் முழுக்கப் பரப்பிவிட்டார். ஒருநாள் அம்மா வைத்த மீன் கறியை எனக்குக் கொடுக்கலாமென்று தூக்குச்சட்டியோடு தன் பழைய மோட்டார் சைக்கிளில் நேராகக் கேனிங் கார்டனுக்கு வந்துவிட்டார். நான் வீட்டுக்குப் பின்பக்கம், இடுப்பில் ஆருவை வைத்துக்கொண்டு, மஞ்சள் வாத்து வடிவத்தில் இருந்த அவனுடைய கழிப்புச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். நான் வாத்தைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

“டியூஷன் முடிஞ்சிருச்சா?” என்று கேட்டார்.

“இடைவேளை, அப்பா.”

தூக்குச்சட்டியை வேலிக்கு மேலாகக் கொடுத்தார். ஆரு அவரைப் பார்த்துச் சிரித்து, என் மீசையைத் தொட்டுக் காட்டி, “ஆயா” என்று அறிமுகப்படுத்தினான்.

அப்பா மோட்டாரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நான் வீடு திரும்பியபோது தூக்குச்சட்டியை வாங்கி வைத்துவிட்டு, மீன் கறி எப்படி என்று மட்டும் கேட்டார். தோட்டத்தில் ரப்பர் மரத்துப் பால் வெட்டப் போகிற தாய்மார் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவார்களாம். அங்கே அவரைப் பார்த்துக்கொண்ட கிழவியைத்தான் அவருக்கு ஆயா என்று தெரியும். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் என் பட்டத்தை எங்கே மாட்டுவது என்று அவருக்கு விளங்கவில்லை போலும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் யாரோ விசாரித்தபோது அவர் பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. “டாக்டருங்ககூட வேலை. சின்னப் பிள்ளைங்க சம்பந்தப்பட்டது” என்றார். அந்த வாரமே பக்கத்து வீட்டு அக்கா காய்ச்சல் கண்ட பேரனைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, “தம்பி, கொஞ்சம் பாத்துச் சொல்லுப்பா” என்று நின்றார். நான் டாக்டரில்லை என்று சொல்லச் சொல்ல, “பெரிய ஆளுங்க இப்படித்தான் அடக்கமா இருப்பாங்க” என்றார். கிளினிக்குக்குப் போகச் சொன்னேன். பிள்ளைக்குச் சரியானதும் எனக்குத்தான் பேர் வந்தது.

இந்தப் புகழின் உச்சத்தில் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது என்ன செய்கிறீர்கள் என்று நடுவில் இருந்த அம்மையார் கேட்டார்.

“ஆரம்பகாலக் குழந்தைக் கல்வியில் இருக்கிறேன், புவான்” என்றேன், அம்மையாரை மலாய் முறையில் அழைத்து.

“நல்லது. எத்தனை மாணவர்கள்?”

“ஒருவர்.”

“வயது?”

“மூன்றரை.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “அப்படியென்றால் பிள்ளை பார்க்கிறீர்கள்.”

“ஆமாம், புவான்.” காது சுட்டது. எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. அவர் அதோடு விடவில்லை. பிள்ளை தரையில் விழுந்து புரண்டு அழுதால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். புத்தகத்தில் இருக்கிற பதில் எனக்குத் தெரியும். ஆனால் வாய் தானாக வேறு எதையோ சொன்னது: முதலில் நானும் பதறுவேன், பிறகு பக்கத்தில் நானும் தரையில் படுத்துக்கொள்வேன், கொஞ்ச நேரத்தில் இவன் ஏன் இங்கே படுத்திருக்கிறான் என்று அவனுக்கே சந்தேகம் வந்து அழுகையை நிறுத்திவிடுவான். மூவரும் சிரித்தார்கள். வெளியே வந்தபோது வேலை போய்விட்டது என்று உறுதியாக நம்பினேன். கேள்விக்குப் பதிலாக நான் எப்படிப் படுப்பேன் என்று கையால் வேறு காட்டியிருந்தேன்.

முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில்தான் அது நடந்தது. மதியத் தூக்கத்துக்கு முன் ஆரு வாத்தின் மேல் உட்கார்ந்து, முடித்து, பெருமையாக எழுந்தான். உள்ளே பார்த்தேன். சிவப்பு. வாத்து முழுக்கச் சிவப்பு.

பட்டப்படிப்பில் குழந்தை உடல்நலம் என்று ஒரு பாடம் படித்திருக்கிறேன். அதில் ஒரு வரியும் ஞாபகத்துக்கு வரவில்லை. இளையதம்பி நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். சுபேசன் யாருடைய வாயிலோ கையை விட்டுக்கொண்டிருந்ததால் போன் எடுக்கவில்லை. ஆருவை வாரித் தூக்கி, கிழவரின் பழைய புரோட்டோன் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். பின்னிருக்கையில் அவன் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான். வலியில் பிதற்றுகிறான் என்று நினைத்து நான் அழுதுகொண்டே ஓட்டினேன்.

அவசரப் பிரிவில் போய், “ரத்தம்! ரத்தம்!” என்று கத்தினேன். நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடுகிற நர்சுகள் ஓடி வந்தார்கள். யாருக்கு என்று கேட்டார்கள். ஆரு அவர்களுக்குக் கை அசைத்தான். ஒருத்தி என்னைத்தான் சக்கர நாற்காலியில் உட்காரச் சொன்னாள். மாதுமைக்குத் தகவல் போய், தலையில் பச்சைத் தொப்பியோடு இறங்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது. மகன் வயிற்றை அழுத்திப் பார்த்தார். அவன் கிச்சுக்கிச்சு மூட்டுவதாக நினைத்துச் சிரித்தான்.

“இன்னைக்கு என்ன சாப்பிட்டான்?”

காலையில் கஞ்சி, பத்து மணிக்கு ரொட்டி, மதியம் சோறும் பருப்பும் என்று ஒப்பித்தேன். மாதுமை யோசித்தார். வீட்டுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

“மாமா, ஆருவுக்கு நீங்க ஏதாச்சும் சாப்பிடக் குடுத்தீங்களா?”

“ஓம், நேற்றுப் பின்னேரம் கொஞ்சம் டிராகன் பழம் குடுத்தனான். சிவத்தப் பழம். அரைவாசிக்கு மேல அவன்தான் திண்டவன்.” நாற்காலி கிறீச்சிடுவது கேட்டது. “ஏன், இன்னும் வேணுமாமோ?”

முதலில் சிரித்தது என்னை உட்காரச் சொன்ன மிஸ்ஸி. பிறகு அந்த அறையே சிரித்தது. உண்மையிலேயே கை உடைந்து வந்திருந்த ஒரு மலாய்க்காரப் பெரியவரும் சிரித்தார். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். என் ஒரு காலில் செருப்பு இல்லை. கழுத்தில் ஆருவின் எச்சில்துணி கட்டியிருந்தது, முயல் படம் போட்டது.

மாதுமை எங்களை வெளியே நடைபாதைக்குக் கூட்டி வந்தார். அங்கிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி, சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

“மன்னிச்சிருங்க அக்கா. படிச்சவன், இதுகூடத் தெரியல.”

“தெரியாட்டிப் போகுது. நான் தினமும் எத்தனையோ பேரைத் தூங்க வைக்கிறேன் தம்பி. ஒவ்வொரு தடவையும் வீட்டுல இவன் என்ன செய்யிறானோன்னு ஒரு பக்கம் ஓடிக்கிட்டே இருக்கும். நீங்க வந்த பிறகு அது நின்னுருச்சு.” எச்சில்துணியை என் கழுத்திலிருந்து அவிழ்த்தார். “இவ்வளவு பயப்படுற ஆள் எனக்கு வேற எங்க கிடைக்கும்? இருங்க தம்பி. எங்கயும் போயிராதீங்க.”

என் வாழ்க்கையில் வேலை விஷயமாக யாரும் என்னிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அதற்காக ஒற்றைச் செருப்போடு நிற்க வேண்டியிருந்தது, பரவாயில்லை.

சில வாரத்தில் முடிவு வந்தது. தேறியிருந்தேன். ஜனவரியில், வீட்டிலிருந்து வெகு தொலைவில், பாரிட் புந்தாரில் ஒரு தமிழ்ப்பள்ளியில் சேர வேண்டும். அப்பா அதைக் கேட்டுவிட்டு எழுந்து போய்ச் சுவரில் இருந்த பட்டத்தின் தூசியைத் துடைத்தார். எனக்கோ போவதா வேண்டாமா என்று குழப்பம். விக்னேஸ்வரனைக் கூட்டிக்கொண்டு ரொட்டி சானாய்க் கடையில் போய் உட்கார்ந்தேன்.

“இங்க பாரு மச்சான்” என்றான் அவன். “அங்க போனா எல்லாரும் உன்ன சார்ம்பாங்க, ஒருத்தனும் பேச்சக் கேக்க மாட்டான். இங்க ஆயாங்கிறான், ஆனா சொன்னாக் கேக்குறான்.”

“இவனும் கேக்க மாட்டான் டா.”

“அப்பன்னா ரெண்டும் ஒண்ணுதான் லா. பென்ஷன் எங்க இருக்கோ அங்க போ.”

அவன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான். நான் பல நாள் உருண்டு புரண்டேன். ஆரு மழைச் சத்தம் கேட்டால் என் தோளில் முகம் வைப்பான். புதுச் சொல் ஒன்று வந்தால் முதலில் என் காதில்தான் சொல்லிப் பார்ப்பான். பீடோர் வகுப்பில் யாருடைய முகமாவது எனக்கு நினைவிருக்கிறதா என்று யோசித்தேன். குழந்தை வளர்ந்துவிட்டதா என்று கேட்ட அந்தச் சிறுமியைத் தவிர ஒருவரும் வரவில்லை. ஒரு பிள்ளையிடம் நான் நல்லவன். பதினைந்து பிள்ளைகளிடம் வெறும் சத்தம். அப்படியானால் என் இடம் இதுதான். அரசாங்க வேலையை ஒரு குழந்தைக்காக உதறிய இளைஞன். யோசிக்க யோசிக்க எனக்கே என்மேல் மரியாதை வந்தது. கண்ணாடி முன் நின்று அந்த முகம் எப்படியிருக்கும் என்றுகூடப் பார்த்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் மாதுமை வேலை முடிந்து வந்து, சமையலறையில் நின்றபடியே இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அக்கா, நான் ஒரு முடிவு எடுத்திருக்கேன்.” குரலை இறக்கிக்கொண்டேன். “பாரிட் புந்தாருக்குப் போகல. ஆருவுக்காக இங்கயே இருந்துறேன்.”

அவர் கண் கலங்கும் என்று எதிர்பார்த்து அடுத்த வசனத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

“தம்பி, ஜனவரியில ஆரு பாலர் பள்ளிக்குப் போறான். பதிஞ்சாச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு நானும் அவரும் ஒரு மாசமா யோசிச்சிக்கிட்டு இருக்கோம்.”

“அன்னைக்கு ஆஸ்பத்திரியில எங்கயும் போகாதீங்கன்னு...”

“சொன்னேன். மனசார சொன்னேன். ஆனா பிள்ளை வளருது இல்ல? அவன் பள்ளிக்குப் போயிட்டா வீட்டுல யாரைப் பாப்பீங்க? மாமாவையா?”

“எனக்கு ஒருத்தரும் வேண்டாம்! நான் நல்லாத்தான் இருக்கிறன்!” என்று கூடத்திலிருந்து இளையதம்பி கத்தினார்.

நான் சொதிப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாதுமை தட்டைக் கீழே வைத்தார்.

“கோவிக்காம சொல்லுங்க. ஆருவ விட்டுப் போக மனசு வரலயா, இல்ல அந்த வகுப்புக்குள்ள போகப் பயமா?”

“ரெண்டும்தான் அக்கா.”

“எது கூடுதல்?”

பதில் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. அவர் இன்னொரு தட்டை எடுத்து, இரண்டு இடியப்பம் வைத்து, சொதியை ஊற்றி என் பக்கம் தள்ளினார். தியாகம் செய்ய வந்தவன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

ஆருவிடம் விடை பெறுவதற்குப் படித்த மனோதத்துவம் முழுவதையும் கொண்டு வந்தேன். மண்டி போட்டு, கண்ணுக்கு நேராகப் பார்த்து, பிரிவைப் பற்றி எளிய சொற்களில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “லோரி குடு” என்றான். எடுத்துக் கொடுத்தேன். அதை உருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டான். வரும் வழியில் சிவப்பு விளக்கில் நின்று அழுதபோது பக்கத்தில் ஒரு பேருந்து வந்து நின்றது. அதிலிருந்தவர்கள் விளக்கு மாறும்வரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாரிட் புந்தாரில் சுற்றிலும் வயல். தலைமையாசிரியை கலாதேவி என் விவரங்களைப் படித்துவிட்டு, “முதலாம் ஆண்டு உங்களுக்குத்தான் சார். இந்த மாதிரி அனுபவம் இங்க வேற யாருக்கும் இல்ல” என்றார். மற்ற ஆசிரியர்கள் பலமாகத் தலையாட்டினார்கள். ஏன் என்று முதல் நாள் காலையிலேயே தெரிந்துவிட்டது. முப்பது பிள்ளைகளில் பாதிப் பேர் அழுகை. சன்னலுக்கு வெளியே அவர்களுடைய தாய்மார் அழுகை. ஒருவனுக்குக் கால்சட்டை நனைந்துவிட்டது. அதை மாற்றும்போது எனக்கு வந்த நிம்மதியை என்னவென்று சொல்வது. அந்த அறையில் எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

நான் நல்லாசிரியர் ஆகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வியாழக்கிழமைக்குள் இப்போதும் தொண்டை போய்விடுகிறது. கைதட்டுவதை விட்டுவிட்டேன். வாட்ஸ்அப் குழுக்கள் எத்தனை என்று எனக்கே தெரியாது. சாப்பிடும்போதும் பெற்றோர் கேள்வி கேட்கிறார்கள். வாத்து கழுவிய காலமே மேல் என்று தோன்றுகிற நாட்கள் உண்டு. ஆனால் காலையில் வரிசையில் வரும்போதே இவன் சரியாகத் தூங்கவில்லை, இவள் சாப்பிடாமல் வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்து என்ன செய்வது என்பது பாதி நேரம் தெரியவில்லை. பையில் பிஸ்கட் வைத்திருக்கிறேன்.

தினேஸ்வரி என்று ஒரு பிள்ளை. பள்ளி தொடங்கிய நாளிலிருந்து வகுப்புக்குள் வர மாட்டாள். பேசவும் மாட்டாள். வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தூக்கி வந்தால் திமிறுவாள். கொஞ்சிப் பார்த்தேன், கதை சொல்லிப் பார்த்தேன். பிறகு என் நாற்காலியை வாசலுக்குக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் போட்டு, அங்கே உட்கார்ந்தே பாடம் நடத்த ஆரம்பித்தேன். மற்ற பிள்ளைகள் மேசைகளைத் திருப்பிக்கொண்டார்கள். அந்தப் பக்கமாக வந்த கலாதேவி நின்று பார்த்தார்.

“சார், வெண்பலகை அந்தப் பக்கம் இருக்கு.”

“தெரியும் டீச்சர்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

போன வாரம் நல்ல மழை. காற்றில் சாரல் வாசல்வரை அடித்ததால் நாற்காலியைக் கொஞ்சம் உள்ளே இழுத்துப் போட்டிருந்தேன். நான் ‘ஆ’ எழுதிக் காட்டுவதற்காகப் பலகைக்குப் போயிருந்தேன். திரும்பிப் பார்த்தால், தினேஸ்வரி தூணை விட்டுவிட்டு உள்ளே வந்து என் நாற்காலியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். நனைந்த காலணியை ஆட்டிக்கொண்டு பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பு வாயைப் பிளந்தது. நான் உதட்டில் விரலை வைத்தேன். ஆச்சரியம், எல்லோரும் அமைதியானார்கள். அன்று பள்ளி விடும்வரை நான் நின்றுகொண்டேதான் பாடம் நடத்தினேன். நாற்காலியைக் கேட்க எனக்குத் தைரியமில்லை.